புருஷன் பங்கு மாத்திரை

ஷாம்பு பாக்கெட்டைத் தலையில் பிழிந்துவிட்டு நாமெல்லாம் சாக்கடையில் போடுவோம். அவள் போடமாட்டாள். அதைக் கத்தரியால் நறுக்கி மக்கில் போட்டுக் கலக்கி, அந்தத் தண்ணீரில் சீப்பைக் கழுவுவாள். எண்ணெய்க் கவர் காலியானால் அதைப் பிரித்துத் தோசைக்கல்லில் தேய்த்து எடுப்பாள். மற்றவர்கள் தட்டில் மிஞ்சிய சோறு, மற்றவர்கள் வீட்டில் மிஞ்சிய ரசம், மற்றவர்கள் உடம்பில் காய்ச்சல் இறங்கிப் போனபின் மிஞ்சிய மாத்திரை, எல்லாம் அவளிடம் போய்ச் சேரும். "தூக்கிப் போட்றாதீங்க பெரிம்மா, குடுங்க, எந்த நோவுக்காச்சும் ஆவும்" என்பாள். யாருக்கு வாங்கிய மாத்திரை, எதற்கு வாங்கியது என்றெல்லாம் கேட்கமாட்டாள். தலை வலித்தால் நீலத்தில் ஒன்று, இடுப்பு வலித்தால் மஞ்சளில் ஒன்று.

பேரைச் சொல்லமாட்டேன். உயிரோடு இருக்கிறாள்.

நெல்லித்தோப்பில் எனக்கு லைன் வீடு இருக்கிறது. அப்பன் வைத்துவிட்டுப் போனது இல்லை, புருஷன் சம்பாதித்ததும் இல்லை. கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரி வாசலில் கூடையில் இட்லி விற்றவள் நான். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிற நோயாளிக்கு முதல் கவளம் என் கையால்தான். அந்த இட்லிப் பானையில்தான் மெஸ் வந்தது, மெஸ்ஸில் வீடு வந்தது. மனையை ஒரு சொல்தா குடும்பத்திடம் வாங்கினேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். பத்திரம் எழுதும்போது அந்தக் கிழவர் "நீ எத்தனாவது படிச்சே?" என்று கேட்டார். "நாலாவது. நீங்க விக்கிறீங்க, நான் வாங்குறேன்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. இன்றைக்கு நானே பேனா பிடித்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அவளும் புருஷனும் என் லைனில் கடைசி வீட்டுக்குக் குடி வந்தார்கள். அவள் அப்பா மில்லில் வேலை பார்த்து, மில் படுத்ததும் வீட்டோடு படுத்துவிட்டவர். புருஷன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். திருப்பதி, வேளாங்கண்ணி, ஊட்டி என்று போனால் வாரம் கழித்து வருவான். ஆள் பார்க்க லட்சணம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் செல்போன். அந்த லைனில் அப்போது செல்போன் வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இரண்டாவது வீட்டில் ஒரு பூக்காரி இருந்தாள். வாய் நீளம். அவள்தான் இவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள்.

"ஏண்டி, நேத்து எங்கூட்டு மாமனாருக்கு நெஞ்சு வலின்னு மாத்திரை குடுத்தாங்க. மிச்சம் இருக்கு, துன்றியா?"

"எந்தக் கலரு அக்கா?"

"பாருங்க பெரிம்மா, கலரு கேக்குறா! துன்னுட்டு மாமனாரு மாரி தடியூனிட்டு நட."

எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அவள் சிரிப்பு எங்கள் சிரிப்பைவிடச் சத்தமாக இருக்கும்.

அந்தச் சிரிப்பு நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மெஸ்ஸில் காய் நறுக்க அவளை வைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். மத்தியானத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உள்பாவாடையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள். கொடியில் காயப்போடும்போது அதன்மேல் புடவையைப் போட்டு மூடினாள். பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை இது தெரியாதா?

"எத்தினி நாளாடி வெள்ளப்படுது?"

"அது சூடு பெரிம்மா. காலையில வெந்தயம் துன்றேன். வெள்ளப்பூசணி துன்றேன். டெட்டாலும் ஊத்தி உள்ள கழுவுறேன்."

"டெட்டாலா? உள்ளயா?"

"பூக்காரக்கா வூட்டுல தீந்துபோவப் போவுதுன்னாங்க. அடியில கெடந்தத வாங்கியாந்தேன்."

"வேற இன்னா?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள். அவன் ஊரிலிருந்து வந்து அவளோடு இருந்துவிட்டுப் போனால் மறுநாள் ரத்தம் படுகிறதாம். தீட்டு நாள் இல்லாத நாளில். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் பாகூர்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

சூடு என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் பெண்கள் எத்தனை பேர் அழிந்திருக்கிறார்கள்! எரிந்தால் சூடு, நாறினால் சூடு, ரத்தம் பட்டால் சூடு. மோரைக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி. வாயில் ஒரு கொப்புளம் வந்தால் நாலு பேருக்குக் காட்டுவோம். அங்கே வந்தால் சாகிறவரை காட்டமாட்டோம். எனக்கு அந்த வெட்கம் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றே வயசானவள் நான். எந்தக் கதவு எந்த நோய்க்கு என்று அங்கே சீட்டு எழுதுகிறவரைவிட எனக்குத் தெரியும். மறுநாளே அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. முகத்தைச் சுளிக்காமல் சோதித்துப் பார்த்தாள். குச்சியில் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு, எனக்கு நிரம்பப் பிடித்தது, எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினாள். கை விரல்களைக் குவித்து மூடிக் காட்டினாள்.

"இதுதான் கர்ப்பப்பைன்னு வெச்சுக்கோங்க. கீழ இருக்குற இந்த நுனிதான் அதோட வாய். உங்களுக்கு இந்த வாய்தான் புண்ணாகி வீங்கியிருக்கு. அதனாலதான் சீழ் மாதிரி படுது, தொட்டா ரத்தம் வருது. கர்ப்பப்பை வாய் அழற்சின்னு சொல்வோம்."

"புத்துநோவா மேடம்?" அவள் குரல் கீழே போய்விட்டது.

"பாத்தா அப்படித் தெரியல. அதுக்கும் சோதனைக்கு அனுப்பியிருக்கேன், பயப்படாதீங்க. இது கிருமி. சூடெல்லாம் இல்ல. டெட்டாலை இனிமே அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, அது புண்ணை இன்னும் புண்ணாக்கும். மாத்திரை சாப்பிட்டாப் போயிடும். விட்டுட்டா மேல ஏறும். மேல ரெண்டு பக்கமும் குழாய் இருக்கு, கரு வர்ற வழி. அங்க போய் அடைச்சிடுச்சுன்னா குழந்தைக்குக் கஷ்டம்."

கிருமி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன். டாக்டரம்மா அவளைப் பார்த்தே பதில் சொன்னாள். இந்த மாதிரிக் கிருமி பெரும்பாலும் புருஷனிடமிருந்துதான் வரும். அவன் உடம்பில் ஒன்றுமே காட்டாமல் இருக்கும். அதனால் அவனும் வர வேண்டும், அவனும் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு பேரும் சாப்பிட்டு முடிந்து ஒரு வாரம் ஆகிறவரை சேரக் கூடாது. "அவர் வரலேன்னா இதையாவது கொடுங்க" என்று சொல்லி இரண்டு பொட்டலம் எழுதிக் கொடுத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவரு டூருல என்னாத்தத் துன்னாரோ, அதுல வந்திருக்குமா பெரிம்மா?"

நான் நின்று அவளைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டாள்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள். வெந்தயத்தை விட்டாள், பூக்காரியோடு வாய்ச்சண்டை போட்டாள். அவன் ஊட்டிக்குப் போய்விட்டு வந்தான். மறுபடி கொடியில் பாவாடைமேல் புடவை. மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மறுபடி இரண்டு பொட்டலம் எழுதினாள். புற்றுநோய் இல்லை என்று சோதனை முடிவு வந்திருந்தது; அவள் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மாத்திரை தின்றபின் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள். இவ்வளவு சின்ன மாத்திரைக்கு இவ்வளவு வாந்தியா என்று பூக்காரிகூடக் கேட்டாள். பிறகு சரியானாள். அவன் வேளாங்கண்ணி போய் வந்தான். மூன்றாவது முறையும் அதேபோல் ஆனது.

இந்த முறை டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் உங்க முன்னாடி சாப்பிட்டாரா?"

"ம்."

"ஒரே வேளையிலயா, பிரிச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். அப்புறம், மெஸ்ஸில் ஒரு தட்டை உடைத்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு பங்கயும் நான்தான் போட்டுக்கிட்டேன் மேடம்."

"ஏன்?"

"சோத்துத் தட்டு பக்கத்துல வெச்சேன். இன்னாதுன்னு கேட்டாரு. டாக்டரம்மா குடுத்தாங்கன்னேன். எடுத்து வாசல்ல வீசிட்டாரு. நல்ல மாத்திரை. வீணாத்தானே போவும்? பொறுக்கியாந்து நானே போட்டுக்கிட்டேன்."

"அது உங்களுக்கு இல்லம்மா. அவருக்கு."

"தெரியும் மேடம். கைப்புள்ளைக்குச் சளி புடிச்சா தாய்தானே மருந்து குடிக்கிறா? பால்ல போயி புள்ளைக்குச் சேருதுல்ல? புருஷன் நல்லா இருக்கணும்னா பொண்டாட்டிதானே நோம்பு இருக்கிறா? அந்த மாரி, நான் போட்டுக்கிட்டா அவருக்கும் சேந்து கேக்கும்னு..."

பக்கத்தில் நின்ற நர்சு சிரிப்பதற்கு வாயைத் திறந்து, டாக்டரம்மா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். நானும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தானே செய்கிறோம்? பிள்ளைக்கு மாந்தம் என்றால் தாய் பத்தியம் இருக்கிறாள். அவன் ஆயுசுக்கு இவள் பட்டினி கிடக்கிறாள். யார் உடம்புக்கு எது வந்தாலும் பெண்பிள்ளை வாய்க்குள் ஊற்று என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் அதையே செய்தால் முட்டாள் என்கிறோம்.

"நீங்க சாப்பிட்டது உங்க உடம்புல இருந்ததைக் கொன்னுச்சு. அவர் உடம்புல இருந்தது அப்படியே இருந்துச்சு. அவர் உங்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கிட்டே இருக்கார்." டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ரெண்டு வாட்டி போட்டதும் தெண்டமா மேடம்?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தேன். அவள் மெஸ்ஸில் இருந்தாள். அவன் லைன் முனையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி. வண்டியை அவன் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

"டேய் தம்பி, டாக்டர் குடுத்த மாத்திரையப் போட்டுக்கினா உனுக்கு இன்னா கொறஞ்சிபுடும்?"

"எனக்கு இன்னா ஓனரம்மா நோவு? கல்லு மாரி இருக்கேன்."

"கல்லு மாரி இருக்கறவன் ஒடம்புலதான் ஒளிஞ்சிருக்கும்னு டாக்டரு சொல்றாங்க. உன்னாலதான் அந்தப் பொண்ணு படுது. அதுக்காகக் கேக்குறேன், போட்டுக்க."

சிரித்தான். "அவளுக்கு வெள்ளப்பட்டா நான் மாத்திரை துன்னணுமா? நாளைக்கு அவளுக்குப் பிரசவ வலி வந்தா என்னயும் பக்கத்துக் கட்டுல்ல படுக்கச் சொல்லுவீங்களா?"

"பிரசவ வலி வரணும்னாதான்டா சொல்றேன்!"

"ஓனரம்மா, வாடகை கரெக்டா வருதா? அத்தோட வுடுங்க." ஈரத் துணியை உதறிவிட்டு மறுபக்கம் போய்விட்டான்.

என்னிடம் ஒரு ஆம்பிளை அப்படிப் பேசிவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனிலிருந்து கவுன்சிலர் வரை என் வாய்க்குப் பயந்தவர்கள். அவனிடம் என் வாய் செல்லவில்லை. இந்தப் பேச்சை நான் அவளிடம் சொல்லவில்லை. இருக்கிற வேதனை போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைத் தொட விடவில்லை. ஆட்டோவில் நானும் பூக்காரியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். அவன் திருப்பதி டிரிப்பில் இருந்தான். பிறகு சில மாதம் கழித்து, மருந்தை உள்ளே செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கக் குழாயும் அடைத்திருந்தது. டாக்டரம்மா சொல்லும்போது அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், "இது மாத்திரைக்குக் கேக்காதுல்ல பெரிம்மா?" என்றாள்.

"கேக்காதுடி."

பஸ் வந்தது, ஏறினோம்.

மாமியாருக்குச் செய்தி போக எத்தனை நேரம்? அடுத்த வாரமே உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். குழாய் அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். எதனால் அடைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் எழுந்து சொன்னேன், சபையில், ஆம்பிளைகள் இருக்கிறார்களே என்று பார்க்காமல், கிருமி எங்கிருந்து வந்தது என்று பச்சையாகச் சொன்னேன். அவன் மாமா ஒருத்தர், "அந்தம்மா இட்லி விக்கிறவங்க, பெரிய டாக்டரு மாரி பேசுறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளிடம் கேட்டார்கள். "என் ஒடம்புதான் சரியில்ல" என்றாள். பேச்சு முடிந்தது. கல்யாணத்தை அறுத்துவிட்டார்கள்.

அவனுக்குப் பாகூரிலேயே வேறு பெண் பார்த்தார்கள். பன்னிரண்டாவது படித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். அது தெரிந்த அன்று அவள் அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "பெரிம்மா, பாகூருக்குப் போய் வரணும். அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லுவாங்க?"

தனியாக விடுவேனா? நானும் பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா வயலுக்குப் போயிருந்த நேரம். அந்தப் பெண் மோட்டார்க் கொட்டகை நிழலில் நின்றபடி கேட்டாள். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் வாய் திறந்து சொல்லாததைக்கூட அங்கே சொன்னாள். பொறாமையில் வந்து சொல்கிறாள் என்று அந்தப் பெண் விரட்டப்போகிறாள் என்றே நான் நினைத்தேன். விரட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க ஏன்க்கா அவரப் போட வெக்கல?"

இவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அவனிடம் போனில் சொல்லிவிட்டாளாம்: ஆஸ்பத்திரிக்கு வா, சோதனை பண்ணு, குடுக்கிறதச் சாப்பிடு, அப்புறம்தான் பத்திரிகை அடிக்கிறது. அவன் போனான். வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்றான். மாத்திரையை அந்தப் பெண்ணின் அப்பா எதிரிலேயே தண்ணீர் ஊற்றி விழுங்கினான். நாங்கள் கேட்கப் போகவில்லை. பெண் வீட்டார் இவ்வளவு கறார் என்று மாமியார்க்காரியே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை.

மெஸ்ஸில் மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாமியார் ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பாத்தீங்களா ஓனரம்மா? எம் புள்ள மேல இன்னா கொற? வெதையில கொற இல்ல, மண்ணுலதான் கொற. இப்ப ஊரே பாக்குது."

இட்லி விற்ற நாளிலிருந்து, பசி என்று வந்தவர் யாரையும் வாசலில் நிறுத்தி வெளியே போ என்று நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். பெட்டியோடு வெளியே போ என்றேன். அவள் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். தெருவே அவள் பக்கம். பிள்ளைதான் சாட்சியாக இருக்கிறதே!

சமையல்கட்டுக்குள் போனேன். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி இப்பிடி உக்காந்திருக்க? நீ போயி சொன்னதாலதான்டி அந்தப் புள்ள பொறந்துது. உனுக்குக் கோவமே வரலியா?"

"யாரு மேல பெரிம்மா?"

"அவன் மேலதான்! அந்தப் பொண்ணுக்காக முழுங்குனான்ல? உனுக்காக முழுங்குனானா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, அவரு போட்டுக்கிட்டாரு. நான் தட்டுப் பக்கத்துல வெச்சேன், வீசுனாரு, பொறுக்கிக்கிட்டேன். போட்டுக்கன்னு வாயத் தொறந்து நான் கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா போட்டிருப்பாரு."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நான் கேட்டேன்டி. வேன் கழுவிட்டு இருந்தப்ப. உனுக்காகன்னு சொல்லித்தான் கேட்டேன். சிரிச்சான். என்னயும் சேத்துக் கேலி பண்ணிட்டுப் போனான்."

அரிவாள்மணையில் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அழுவாள், அவனைத் திட்டுவாள், ஒரு வார்த்தையாவது அவன்மேல் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க கேட்டீங்க பெரிம்மா," என்றாள். "நான் கேக்கலியே."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.